வெட்கம் நோய்க்கு மருந்தாகாது

நம் மதரஸாக்களில் சட்டநூல்களை ஓதத் தொடங்கும் மாணவன் முதலில் பயில்வது தூய்மையைப் பற்றிய பாடத்தைத்தான். எவற்றால் ஒளூ முறியும், எப்போது குளிப்பு கடமையாகும் என்பனவற்றையெல்லாம் மீசை அரும்பாத சிறுவர்களுக்கு ஒளிவு மறைவின்றிக் கற்பிக்கிறோம். இப்பாடத்தைப் பல்லாண்டுகளாக நடத்தி வரும் எனக்கு ஒரு நாளும் நாக் கூசியதில்லை. மாணவர்களும் தலை கவிழ்ந்ததில்லை. ஆனால் அதே மாணவன் வளர்ந்து, மணமுடித்து, நாற்பதைத் தாண்டிய பின் தன் உடலில் ஏதோ குன்றி வருவதை உணரும்போது, மருத்துவரிடம் வாய் திறக்க மாட்டாமல் தவிக்கிறான். மார்க்கம் கொடுத்த துணிவை எங்கே தொலைத்தோம்?

அலீ (ரலி) அவர்களுக்கும் இத்தகைய வெட்கம் நேர்ந்ததுண்டு. தம் உடல்நிலை தொடர்பான ஒரு சட்டத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்க அவர்கள் நாணினார்கள். நபிகளாரின் அருமை மகளார் தம் துணைவியாக இருந்ததே அதற்குக் காரணம். ஆயினும் கேளாமலே இருந்துவிடவில்லை. மிக்தாத் (ரலி) அவர்களை அனுப்பிக் கேட்டறிந்து கொண்டார்கள். வெட்கம் ஈமானின் ஒரு பகுதிதான். ஆனால் அறிய வேண்டியதை அறியவிடாமல் தடுக்கும் அளவுக்கு அது வளர்ந்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி வேண்டுமா?

இதை நான் எழுத நேர்ந்த காரணம் என் குடும்பத்திலேயே இருக்கிறது. உரியவர்களின் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

என் தங்கையின் கணவருக்கு வயது 44. வளைகுடாவில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. எடை 94 கிலோ. கலகலப்பாகப் பேசி வந்தவர், திரும்பிய பின் அஸருக்கே சோர்ந்து படுத்துவிடுவார். யாரிடமும் பேச்சில்லை. தொட்டதற்கெல்லாம் சினம். ஒரு நாள் தங்கை என்னிடம், "காக்கா, அவர் என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தே ஒரு வருடமாகிறது. அங்கே வேறு யாரையும் நிக்காஹ் செய்திருப்பாரோ?" என்று அழுதாள். பெரியவர்கள் ஜமாஅத்தில் முறையிடுவது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

இஷாவுக்குப் பின் கடற்கரையில் அமர்ந்து மச்சானிடம் மெதுவாகக் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது. வேறு பெண்ணும் இல்லை, வெறுப்பும் இல்லை. ஆசையே அற்றுப்போய்விட்டது; அதைச் சொல்ல நாவும் எழவில்லை. விடுதி அறைகளில் தங்கி வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் யாருக்கும் தெரியாமல் போய், 18,000 ரூபாய்க்கு லேகியம் வாங்கி உண்டிருக்கிறார். வெல்லம் சேர்ந்த அந்த லேகியத்தால் சர்க்கரை ஏறியதுதான் கண்ட பலன்.

மறு வாரம் நாளமில்லாச் சுரப்பி நோய்களுக்கான மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அங்கே அறிந்தவற்றையும் பின்னர்ப் படித்தறிந்தவற்றையும் இங்கே சுருக்கித் தருகிறேன்.

ஆண்மைக்குரிய தன்மைகளை உடலில் உருவாக்கிக் காப்பது டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஹார்மோன். விரைகளில் உள்ள லெய்டிக் செல்கள் இதைச் சுரக்கின்றன. சுரக்குமாறு கட்டளையிடுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி. தாடி, குரல், தசை, எலும்பின் உறுதி, இரத்தச் சிவப்பணுக்களின் உற்பத்தி, இல்லற நாட்டம் ஆகிய அனைத்திலும் இதற்குப் பங்குண்டு. இதனை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கும் வழி 1935இல் கண்டறியப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட பூட்டெனான்ட், ருசிக்கா ஆகிய இருவருக்கும் 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

நடுவயதுக்குப் பின் இது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைவது இயல்பே, அது நோயாகாது. குறைவு மிகுந்து, அதனோடு அறிகுறிகளும் சேர்ந்தால்தான் நோய். நாட்டம் குறைதல், அதிகாலையில் இயல்பாக ஏற்படும் எழுச்சி நின்றுபோதல், தீராத சோர்வு, மனத்தளர்ச்சி, தசை மெலிந்து வயிறு பெருத்தல், உடல் முடி உதிர்தல், இரத்தசோகை, எலும்பு நலிவு ஆகியவை அறிகுறிகள்.

சோதனைக்கும் ஒரு முறை உண்டு. இந்த ஹார்மோன் காலையில் மிகுந்தும் மாலையில் குறைந்தும் இருக்கும். எனவே காலை 10 மணிக்குள், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். ஒரு முறை குறைவாக இருந்தால் போதாது. வேறொரு நாளிலும் பார்க்க வேண்டும். டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இரு முறையும் இருந்து, அறிகுறிகளும் இருந்தால் குறைபாடு என்று கொள்ளலாமென அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது. ஐந்து மணி நேரமே உறங்கவிட்டு ஒரு வாரம் சோதித்தபோது, நலமான இளைஞர்களுக்கே இந்த அளவு 10 முதல் 15 விழுக்காடு குறைந்ததை 2011இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இரவெல்லாம் விழித்திருக்கும் ரமலான் நாட்களில் சோதனை செய்வோர் அதை மருத்துவரிடம் கூறிவிட வேண்டும்.

காரணங்கள் பல. பொன்னுக்கு வீங்கி விரையைத் தாக்கியிருக்கலாம், அடிபட்டிருக்கலாம், பிட்யூட்டரியில் கட்டி இருக்கலாம். சிலர் பிறவியிலேயே கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோம் பெற்றிருப்பர். அபின் வகை வலிநிவாரணிகளை நெடுநாள் உண்பதும், உடற்பயிற்சிக் கூடங்களில் இளைஞர்கள் இரகசியமாகப் போட்டுக்கொள்ளும் ஊசிகளும் இயற்கைச் சுரப்பை முடக்கிவிடும். நம் சமுதாயத்தில் மிகுந்து காணப்படும் உடற்பருமனும் சர்க்கரை நோயும் முக்கியமான காரணங்கள்.

மச்சானுக்கு இரு சோதனைகளிலும் 210, 230 என்று வந்தது. பிட்யூட்டரியில் கோளாறில்லை. மருத்துவர் கேட்ட முதற்கேள்வி எங்களுக்கு வியப்பளித்தது: "இன்னும் குழந்தை வேண்டுமா?" வெளியிலிருந்து டெஸ்டோஸ்டெரோன் செலுத்தினால், பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திவிடும்; விந்தணு உற்பத்தி குறைந்து, நின்றும் போகலாம். வாரந்தோறும் இந்த ஊசியைச் செலுத்தி ஆண்களுக்கான கருத்தடையாகவே உலகச் சுகாதார நிறுவனம் ஆராய்ந்து, 1990இல் முடிவை வெளியிட்டது. குழந்தைக்காக ஏங்கும் தம்பதியர், "ஆண்மை ஊசி" என்று கேள்விப்பட்டு இதைப் போட்டுக்கொண்டால் விளைவு நேர்மாறாகிவிடும். குழந்தை வேண்டுவோருக்கு விரைகளைத் தூண்டும் வேறு மருந்துகள் உள்ளன.

மருத்துவர் ஊசியை எழுதவில்லை. ஆறு மாதத்தில் எடையைக் குறைத்து வருமாறு பணித்தார். குறட்டையையும் உறக்கத்தையும் சோதித்தார். இரவுப் புரோட்டா நின்றது. சுபுஹுக்குப் பின் ஒரு மணி நேர நடை தொடங்கியது. நடைக்கு நானும் துணை போனேன். எடை 85 ஆனது. டெஸ்டோஸ்டெரோன் 318க்கு உயர்ந்தது. அதற்கும் முன்னரே வீட்டில் பேச்சு திரும்பிவிட்டது. நோயென்று தெரிந்த அன்றே என் தங்கையின் ஐயம் அகன்றுவிட்டது அல்லவா?

எல்லோருக்கும் இது போதாது. என் பழைய மாணவர் ஒருவருக்கு இருபது வயதாகியும் தாடி அரும்பவில்லை. தோழர்களின் கேலிக்கு அஞ்சித் திருமண வீடுகளுக்கும் போகமாட்டார். கூடுதல் குரோமோசோமோடு பிறந்தவர் என்பது சோதனையில் தெரிந்தது. இவருக்கு மருந்து வாழ்நாள் தேவை. மூன்று மாதங்களுக்கொரு முறை போடும் ஊசியும், நாள்தோறும் தோலில் தடவும் களிம்பும் உண்டு. களிம்பு தடவிய இடத்தை மூடிவைக்க வேண்டும். கையை நன்கு கழுவ வேண்டும். குழந்தைகள் மேல் பட்டால் அவர்களுக்கு முன்கூட்டியே பருவ மாற்றங்கள் தோன்றுமென 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது.

மருந்து எடுப்போர் இரத்தத்தின் அடர்த்தியையும், வயதானோர் புராஸ்டேட் சுரப்பியையும் உரிய காலங்களில் சோதிக்க வேண்டும். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை. இதயநோயோ அதற்கான வாய்ப்போ உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களிடம் செய்த ஆய்வு 2023இல் வெளியானது. மாரடைப்பும் பக்கவாதமும் இம்மருந்தால் மிகுதியாகவில்லை. ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரலில் இரத்தம் உறைதலும் சற்றுக் கூடியிருந்தன. எனவே மருத்துவரின்றி இதைத் தொடுதல் ஆகாது. எழுச்சியின்மை மட்டும் இருந்தால், பெரும்பாலும் அதன் காரணம் இந்த ஹார்மோன் அன்று, இரத்தக் குழாய்களே. வரப்போகும் இதயநோய்க்கு அது முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

சுவர்களில் எழுதப்படும் ஆண்மை விளம்பரங்களைப் பற்றியும் ஒரு சொல். இல்லற வலிமையைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் தடை செய்கிறது. சட்டம் தடுத்தும் இவர்கள் வாழ்வது நம் வெட்கத்தை முதலாக வைத்துத்தான்.

இறுதியாக, நம் சட்டநூல்களில் உள்ள ஒரு நுட்பத்தைச் சொல்லி முடிக்கிறேன். கணவர் இல்லறத்துக்கு இயலாதவர் என்று மனைவி முறையிட்டால், காழி உடனே பிரித்து வைப்பதில்லை. ஓராண்டு தவணை கொடுக்கிறார். உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு இதற்கு வழிகாட்டி. கோடை, குளிர் என எல்லாப் பருவங்களும் கடந்தால் நோய் நீங்கக் கூடியதா என்பது தெரிந்துவிடும் என்று சட்ட அறிஞர்கள் விளக்கம் தந்தார்கள். நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும், மணமான நாள் முதலே இயலாதவராக இருக்கும் கணவர் விண்ணப்பித்தால், நீதிமன்றம் ஓராண்டு வழங்க வேண்டும் என்கிறது. அந்த ஓராண்டு அழுது கழிப்பதற்கன்று, மருந்து தேடுவதற்கு. மனைவியின் உரிமையை மறுக்காமலே கணவனுக்கும் வழி திறந்து வைத்த மார்க்கம் நம்முடையது.

ஆகவே சகோதரர்களே, நேரில் சொல்ல நாணினால் மனைவியையோ நண்பரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். மிக்தாத் (ரலி) போன்ற ஒருவர் உங்களுக்கும் இல்லாமற் போகமாட்டார். சகோதரிகளே, கணவர் விலகி நின்றால் ஐயப்படும் முன் அன்போடு கேளுங்கள். ஜமாஅத் பெரியவர்களே, முறிவுக்கான முறையீடு வந்தால் முதலில் இருவரையும் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

நோயையும் தந்து அதற்கான மருந்தையும் இறக்கியருளிய வல்ல நாயன், அதைத் தேடும் துணிவையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.