பைத்தான் 2-க்கு வைத்த கெடு

28 டிசம்பர் 2019
பைத்தான் 2-க்கான ஆதரவு வரும் புதன்கிழமை முடிகிறது. நூலகப் பட்டியலைக் கையாளும் எங்கள் ஸ்கிரிப்டுகளில் பாதிக்கு மேல் இன்னும் 2.7-இல்தான் ஓடுகின்றன. “திடீர்னு நிறுத்தினா எப்படி சார்?” என்று நிர்வாகத்தில் ஒருவர் கேட்டார். கோபம்தான் வந்தது. பைத்தான் 3 வெளிவந்தது 2008 டிசம்பரில். 2.7-க்கு முதலில் வைத்த கெடு 2015. பலரால் மாற முடியவில்லை என்று 2014-இல் அதை 2020-க்குத் தள்ளினார்கள். ஓட்டைகளை அடைப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களிடம் இன்னும் எத்தனை வருஷம் கேட்பது?

31 டிசம்பர்
பழைய நிரலைப் புதியதாக்கும் கருவி, பிரிண்ட் கட்டளைகளுக்கெல்லாம் அடைப்புக்குறி போட்டுத் தந்துவிட்டது. வகுத்தலை அது தொடவில்லை. 2-இல் 7/2 என்றால் 3, புதியதில் 3.5. பிழைச்செய்தி எதுவும் வராமலே கணக்கு மாறிவிடும். வகுத்தல் குறி உள்ள வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

1 ஜனவரி 2020
எல்லாம் வழக்கம்போல் ஓடுகிறது. ஓடத்தான் செய்யும். இனி பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் பைத்தான் குழுவிடமிருந்து திருத்தம் வராது, அவ்வளவுதான்.

9 ஜனவரி
இன்று நூல் தலைப்புகள். பழையதில் சாதாரண மேற்கோளுக்குள் ‘தமிழ்’ என்று எழுதி நீளம் கேட்டால் 15 என்னும். யூடிஎஃப்-8 பைட்டுகளை எண்ணுகிறது. 3-இல் 5. நமக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து. பைட் கணக்கில் தலைப்பை வெட்டியதால்தான் எங்கள் பட்டியலில் கடைசி எழுத்துகள் சிதைந்து கட்டங்களாகத் தெரிந்தன. எழுத்தையும் பைட்டையும் தனித்தனியாகப் பிரித்ததுதான் 3-இல் பலரைச் சிரமப்படுத்திய மாற்றம். தமிழில் வேலை செய்கிற எனக்கு, இத்தனை உழைப்புக்கும் அது ஒன்றே போதும்.

20 ஏப்ரல்
ஊரடங்கு. வீட்டிலிருந்து பார்த்தேன்: 2.7.18 வந்துவிட்டது, இதுவே கடைசி. பிட்ஸ்பர்க்கில் நடக்கவிருந்த பைகான் மாநாட்டையொட்டித் திட்டமிட்ட வெளியீடு. கொரோனாவால் அங்கே யாரும் கூடவில்லை. 2010-இல் 2.7-ஐ வெளியிட்ட பெஞ்சமின் பீட்டர்சன்தான் இதையும் வெளியிட்டிருக்கிறார். கைவிட்டுப் போகாமல் கடைசிவரை நின்றவர்; அவருக்கு என் வணக்கம்.

எங்களிடம் ஸ்கேனர் கம்ப்யூட்டர் மட்டும் பாக்கி. அதன் மென்பொருளுக்கு 2.7 இல்லாமல் முடியாது. அலுவலகம் திறந்ததும் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். படங்களைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம்.