பேய் வீட்டுக்குக் காத்திருப்பவர்கள்

மார்ச், 2025

ஆர்லாண்டோவில் வெயில் ஏறுவதற்கு முன்பே யுனிவர்சல் பூங்காவின் ஹாலோவீன் ரசிகர்களுக்குக் காய்ச்சல் ஏறிவிடுகிறது. பூங்காவில் ஆண்டுதோறும் நடக்கும் பேய் வீட்டு நிகழ்ச்சியான ‘ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்’ தொடங்க இன்னும் ஐந்து மாதம் கிடக்கிறது. அதற்குள் எந்தப் படப்பிடிப்புத் தளத்தில் எந்தப் பேய் வீடு, எந்தக் கூடாரத்தில் எந்தக் கதை என்று ஊகித்து ஒரு வரைபடம் போட்டுவிடுகிறார்கள். அதற்கு ‘ஸ்பெக் மேப்’ என்று பெயர். வீட்டுக்கு வீடு ஒரு ரகசியப் பெயரும் உண்டு. பூங்கா நிர்வாகம் வாயே திறக்காத நிலையில், இந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு விடிய விடிய வாதம் நடக்கும்.

இதை வெட்டிவேலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு நிகழ்ச்சியின் முப்பத்துச் சொச்சம் ஆண்டு வரலாற்றை வரிசை பிசகாமல் நினைவில் வைத்திருப்பவர்களால்தான் இப்படி ஊகிக்க முடியும்.

ஏப்ரல்

அந்த வரலாற்றின் தொடக்கம் மிகச் சிறியது. 1991 அக்டோபரில் ‘ஃப்ரைட் நைட்ஸ்’ என்ற பெயரில் மூன்றே இரவுகள் நடந்தது. ‘டன்ஜன் ஆஃப் டெரர்’ என்று ஒரே ஒரு பேய் வீடு. ஜாஸ் சவாரிக்கு ஜனங்கள் வரிசையில் நிற்கும் இடத்தைத்தான் அதற்காக மாற்றியிருந்தார்கள். இன்றைய பெயர் மறு ஆண்டு வந்தது. கலிஃபோர்னியாவில் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் 1973-லேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது என்பதால், ஆர்லாண்டோவை முன்னோடி என்று சொல்ல முடியாது. ஆனால், தனக்கென்று கதைமாந்தர்களை உருவாக்கி, அவர்களை ஆண்டுதோறும் வளர்த்தெடுத்ததில் ஆர்லாண்டோவுக்குத் தனி இடம் உண்டு.

2000-இல் வந்த ஜாக் என்ற கோமாளிதான் அதற்குச் சாட்சி. எந்தப் படத்திலிருந்தும் எடுத்த பாத்திரம் இல்லை, பூங்காக்காரர்களே உருவாக்கியது. இருபதாம் ஆண்டு, இருபத்தைந்தாம் ஆண்டு, முப்பதாம் நிகழ்ச்சி என்று ஒவ்வொரு மைல்கல்லிலும் ஜாக்கைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். ரசிகர்கள் அதைச் சலுகையாக எடுத்துக்கொள்வதில்லை, தங்கள் உரிமை என்றே நினைக்கிறார்கள். நினைப்பதில் தவறும் இல்லை.

ஜூன்

இந்த ஆண்டின் பெரிய பெயர்கள் ஒவ்வொன்றாக வெளிவருகின்றன: ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்’, ‘ஃபால்அவுட்’, திகில் படக் கொலைகாரன் ஜேசன், ‘டெரிஃபையர்’, மல்யுத்த மேடையிலிருந்து வையட் சிக்ஸ் குழு. இவற்றில் ஃப்ரெடிஸுக்கான கோரிக்கை பழையது. 2014-இல் கணினி விளையாட்டாக வந்து, 2023-இல் யுனிவர்சல் வெளியிட்ட படமாகவும் ஆன கதை அது. விளையாடி வளர்ந்த பிள்ளைகள் இப்போது சொந்தக் காசில் டிக்கெட் வாங்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

எனினும், மூத்த ரசிகர்களின் கண் வேறு பக்கம் இருக்கிறது. போன ஆண்டு பத்து வீடுகளில் ஆறு பூங்காவின் சொந்தக் கற்பனை. இவற்றை ‘ஒரிஜினல்’ என்பார்கள். இந்த ஆண்டு அது ஐந்து. ஒன்றுதானே குறைந்தது என்று வெளியாள் கேட்கலாம். படத்தைப் பார்த்தவருக்கு அதன் வீட்டுக்குள் எந்த மூலையில் எந்த முகம் வரும் என்பது முக்கால்வாசி தெரியும். ஒரிஜினல் வீட்டில் அந்தப் பிடிமானம் கிடையாது. 2018-இல் வந்த ‘ஸ்லாட்டர் சினிமா’ நல்ல உதாரணம். ஒரு திறந்தவெளித் திரையரங்கு. அதில் ஓடுவதாகச் சொல்லப்படும் படங்கள் எல்லாமே இல்லாத படங்கள். ஒவ்வொரு அறையும் ஒரு மட்டரகப் பேய்ப்படம். ரசிகர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2024-இல் இரண்டாம் பாகம் வந்தது.

அதே 2018-இல்தான் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ வீடும் வந்து பெருங்கூட்டத்தை இழுத்தது. முதன்முறையாகப் பத்து வீடுகள் போட்டதும் அந்த ஆண்டுதான். படத்தின் பெயர் கூட்டத்தைக் கொண்டுவருகிறது. அந்தக் கூட்டத்தில் சிலர் அடுத்த ஆண்டும் வருவதற்கு ஒரிஜினல் வீடுகள் காரணமாகின்றன.

ஜூலை

இந்த மாதம் வந்தாலே 2020 நினைவுக்கு வரும். கொரோனாவால் அந்த ஆண்டு நிகழ்ச்சி ரத்து என்ற அறிவிப்பு ஜூலையில்தான் வந்தது. ஆனாலும் இரண்டு பேய் வீடுகளைப் பகலில், வழக்கமான பூங்கா டிக்கெட்டிலேயே திறந்துவிட்டார்கள். ஒன்றில் பல் தேவதை, மற்றதில் ஃபிராங்கன்ஸ்டைனின் மணமகள். ஹாலோவீன் நெருங்கியபோது மூன்றாவதாக பீட்டில்ஜூஸும் சேர்ந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு, இடைவெளி விட்டு நின்று, பட்டப்பகலில் பேய் பார்க்க வந்தார்கள். பசித்தவனுக்குப் பழைய சோறும் விருந்துதான்.

ஆகஸ்ட் 29

முதல் இரவு. நவம்பர் 2 வரை மொத்தம் 48 இரவுகள். பல இரவுகளில், நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் பாஸின் விலை நுழைவுச்சீட்டின் விலையைத் தாண்டிவிடுகிறது. மனத்தை உறுத்தும் விஷயம் இது. நடுத்தரக் குடும்பத்து ரசிகர் மணிக்கணக்கில் வரிசையில் கால் கடுக்க நின்று நாலைந்து வீடு பார்த்துவிட்டுத் திரும்புகிறார். பல இரவுகளுக்குச் செல்லும் ‘ஃப்ரீக்வென்ட் ஃபியர்’ பாஸ் எடுப்பவர்கள்தான் நிதானமாகப் பார்க்கிறார்கள்.

உள்ளே நடப்பதோ சில நிமிட நடைதான். கறுப்புத் துணிக்குப் பின்னால் ஒரு நடிகர் நிற்கிறார். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் விளக்கு வெட்டும், சத்தம் வெடிக்கும், அவர் பாய்ந்து வெளியே வருவார். மறுநொடி துணிக்குள் மறைந்துவிடுவார். அடுத்த ஆள் வந்ததும் மறுபடியும் அதே பாய்ச்சல். ஓர் இரவு முழுக்க ஒருவரால் இதைச் செய்ய முடியாது என்பதால் இரண்டு அணிகள் மாறி மாறி வருகின்றன. ஒரே வீட்டுக்குள் ரசிகர்கள் ஏழெட்டு முறை போவதற்கு இதுவே காரணம்: ஆள் மாறினால் பயமும் மாறும். பிடித்த நடிகரின் தோள் அசைவை வைத்தே, முகமூடிக்குள் யார் என்று சொல்லிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 11

2001-இல் ஜாக்கின் தம்பி எடியை அந்த ஆண்டின் நாயகனாக முன்னிறுத்தத் தயாராகியிருந்தார்கள். நியூயார்க் தாக்குதலுக்குப் பிறகு எல்லாம் மாறியது. ரத்தக் காட்சிகளை எடுத்தார்கள், பெயர்களை மாற்றினார்கள், எடி பின்னுக்குப் போனான். நாடே துக்கத்தில் இருந்தபோது வேறு எப்படியும் செய்திருக்க முடியாது. கிடைக்காமல் போன அந்த எடியை ரசிகர்கள் இன்றுவரை கைவிடவில்லை.

வையட் சிக்ஸ் வீட்டைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். அந்தக் கதையுலகை உருவாக்கிய மல்யுத்த வீரர் பிரே வையட் 2023 ஆகஸ்டில், 36 வயதில் இறந்துபோனார். அவருடைய சொந்தத் தம்பிதான் இப்போது அங்கிள் ஹவுடி என்ற பாத்திரத்தில் அந்தக் குழுவை நடத்துகிறார். இந்த வீட்டுக்கு வருபவர்களில் பலர் பயப்பட மட்டும் வரவில்லை, ஒருவரை நினைத்துக்கொள்ளவும் வருகிறார்கள். படத்தின் பெயரோ மேடையின் பெயரோ ஒட்டியிருந்தாலே வணிகம் என்று பேசும் ரசிகர்களுக்கு இந்த வீடு ஒரு நல்ல மறுமொழி.

அக்டோபர்

‘டால்ஸ்’ என்ற ஒரிஜினல் வீட்டில் நுழைபவர் பொம்மை அளவுக்குச் சுருங்கிப்போகிறார். ஒரு குரூரக் குழந்தை பிய்த்து, மாற்றித் தைத்துப் போட்ட பொம்மைகள் எதிரே வருகின்றன. ‘கிரேவ் ஆஃப் ஃபிளெஷ்’ வீட்டில் வருபவரே பிணம். தன் சவக்குழிக்குள் தானே இறங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் முன்கதை எங்கும் கிடையாது. படம் பார்த்து, விளையாட்டு ஆடித் தயாராகி வர வழியில்லை. ஒப்பனைக்காரர், தச்சர், ஒலி அமைப்பாளர், துணிக்குப் பின்னால் நிற்கும் நடிகர் எல்லோரும் வெறுங்கையில் தொடங்கி எழுப்பிய வீடுகள் இவை.

இதே நிகழ்ச்சியில் 1992-இல் தொடங்கி ஆண்டுதோறும் நடந்த ‘பில் அண்ட் டெட்’ நகைச்சுவை மேடை 2017-உடன் நிறுத்தப்பட்டபோது, கடைசிக் காட்சிகளுக்கு இடம் பிடிக்க ரசிகர்கள் முண்டியடித்தார்கள். அப்போது இழந்ததைப்போல ஒரிஜினல் வீடுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடுவோமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கிறது. ஆறு ஐந்தானது; அடுத்த ஆண்டு ஐந்து நான்காகக் கூடாது என்கிறார்கள். நிர்வாகம் காது கொடுத்துக் கேட்க வேண்டிய கோரிக்கை அது.