தேதி கிழிக்கும் தம்பி

எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் தேதி கிழிப்பது தம்பியின் வேலை. சின்ன வயதில் அம்மா பழக்கிவிட்டது. குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, தாளைக் கிழித்து என்னிடம் நீட்டுவான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. அவன் ராசிக்கான பலனை நான் படித்துச் சொல்ல வேண்டும். "மேஷம், லாபம்" என்றால் கைதட்டிச் சிரிப்பான்.

தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். இப்போது வயது 47.

போன வருடம் ஒரு புதன்கிழமை, காலண்டர் சனிக்கிழமையைக் காட்டியது. "ஏண்டா இத்தனை கிழிச்சே?" என்றேன். பதில் இல்லை. மறுநாள் கிழிக்கவே இல்லை. பிறகு சட்டையைத் திருப்பிப் போட ஆரம்பித்தான். மாடிப்படி இறங்கப் பயந்தான். பால் பாக்கெட் எடுக்கப் போனவன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கேட்டருகே நின்றான்.

வேண்டுமென்றே பண்ணுகிறான் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பொறுமை போய் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். அவன் அழவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்து, "கை வலிக்குதாக்கா?" என்று கேட்டான். அன்று இரவு நான் தூங்கவில்லை.

நரம்பியல் டாக்டரிடம் போனோம். அவர் உடனே எதையும் முடிவு செய்யவில்லை. தைராய்டு, பி12, காது, கண், தூக்கம் என எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார். இவர்களுக்குத் தைராய்டு குறைவும் கண்புரையும் சீக்கிரம் வரும்; அதனாலும் தடுமாற்றம் வரலாமாம். தம்பிக்கு இரண்டுமே இருந்தது. மாத்திரை கொடுத்து, கண் ஆபரேஷனும் செய்த பிறகு படி இறங்கும் பயம் குறைந்தது. மறதி மட்டும் கூடிக்கொண்டே போனது.

"அல்சைமர் ஆரம்பம்" என்றார் டாக்டர்.

"அது எழுபது வயசுக்காரங்களுக்கு வர்றதாச்சே டாக்டர்?"

அவர் பொறுமையாக விளக்கினார். நமக்கெல்லாம் 21-வது குரோமோசோம் இரண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அது மூன்று. 1959-ல் பிரான்ஸில் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அல்சைமர் நோயாளியின் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்துக்கு மூலமான மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. ஒரு பிரதி கூடுதலாக இருப்பதால் அந்தப் புரதமும் கூடுதலாக உருவாகிறது. 40 வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருடைய மூளையிலும் அந்தப் படிவு வந்துவிடுமாம். ஆனால் படிவு வந்ததுமே மறதி வந்துவிடாது. பெரும்பாலும் 50 வயதையொட்டித்தான் அறிகுறி தெரியும்.

"அந்தக் காலத்துல இவங்க அவ்வளவு வயசு வரைக்கும் இருந்ததில்லம்மா. இப்ப நல்ல வைத்தியத்துல 60 வரைக்கும்கூட இருக்காங்க. அதனாலதான் இது கண்ணுக்குத் தெரியுது" என்றார்.

அடுத்து அவர் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. "முப்பது, முப்பத்தஞ்சு வயசுல இவர் என்னென்ன தானா செய்வார்?"

மற்றவர்களுக்கான ஞாபகசக்திப் பரிசோதனை இவர்களுக்குச் சரிப்பட்டு வராது. அவனை அவனோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கணக்கெல்லாம் அம்மா மனதில் இருந்தது. அம்மா போய் நாலு வருடமாகிறது. என்னிடம் இருந்தது என் மகள் கல்யாண வீடியோ ஒன்றுதான். அதில் தம்பி வாசலில் நின்று, ஒருவரையும் விடாமல் பன்னீர் தெளிப்பான். டாக்டர் அதைக் கடைசி வரை பார்த்தார்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளையோ, தம்பி தங்கையோ உங்கள் வீட்டில் இருந்தால் இதை மட்டும் செய்யுங்கள். அவர்கள் நன்றாக இருக்கும்போதே, முப்பது வயதையொட்டி, தானாகச் செய்யும் வேலைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொத்தான் போடுவது, சாப்பிடுவது, பேசுவது எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து, வருடம் ஒருமுறை புதுப்பியுங்கள். திடீர்ப் பிடிவாதம், வேலையில் தடுமாற்றம், புதிதாக வலிப்பு என்று எது வந்தாலும் "இவங்க அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

குணமாக்கும் மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் எதையும் இடம் மாற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை என்று வைத்திருக்கிறோம். திட்டுவதை விட்டுவிட்டேன்.

இப்போது காலையில் அவன் கையைப் பிடித்து நானும் சேர்ந்து தேதி கிழிக்கிறேன். மேஷத்துக்கு நேரே என்ன போட்டிருந்தாலும் "லாபம்" என்றே படிக்கிறேன். சில நாள் சும்மா பார்க்கிறான். சில நாள் கைதட்டுகிறான்.