டிக்கோயாவில் விழும் மழைக்கு ஒரு கணக்கு



கொலராடோ ஆற்றுத் தண்ணீரை அரிசோனா, கலிபோர்னியா உள்ளிட்ட ஐந்து மாநிலங்கள் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது? குடிக்க எவ்வளவு, பயிருக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு? அமெரிக்காவின் கோமாப் அமைப்பு 2022இல் பல்கலைக்கழக மாணவர்களிடம் கேட்ட கேள்வி இது. 1985 முதல் ஆண்டுதோறும் அது கணித மாதிரியாக்கப் போட்டி நடத்துகிறது. மூன்று பேர் வரை ஓர் அணி. கையில் நாலு நாள். 2017இல் ஸாம்பெஸி ஆற்றின் கரீபா அணையை எடுத்துவிட்டுப் பத்து முதல் இருபது சிறிய அணைகள் கட்டலாமா என்று கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று 1999இல் தொடங்கிய போட்டியும் உண்டு. அது நவம்பரில் வரும்.

ஹட்டன் பக்கம் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் நாலு பிள்ளைகளை அதற்குத் தயார்படுத்தித் தர முடியுமா என்று அங்கே படிப்பிக்கும் நண்பர் கேட்டார். மலையகப் பாடசாலைகளில் கணிதப் பிரிவுக்கு ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு என்பது ஊர்க்காரரான உங்களுக்குத் தெரியும். சரி என்றேன். சனி இரவு பத்து மணிக்குக் கனடாவின் ஸ்காபரோவில் நான் கணினியைத் திறந்தால் அங்கே ஞாயிறு காலை ஏழரை. ஒரு கைபேசித் திரைக்குள் நாலு தலையும் முட்டிக்கொண்டு நிற்கும்.

முதலில் பழைய கொலராடோக் கேள்வியைத்தான் கொடுத்தேன். நகரவில்லை. அந்த ஆற்றின் தண்ணீரில் பெரும்பகுதி ரொக்கி மலைகளின் பனி உருகி வருவது. "பனி உருகி ஆறு ஓடுமா சேர்?" என்றான் ஒருவன். நுவரெலியாப் புல்லில் தை மாதம் வெளுத்துக் கிடக்கும் உறைபனிதான் அவன் கண்டது. கேள்வியை மடித்து வைத்துவிட்டு, பயிற்சிக்கு அவர்கள் ஊர்ப் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு வந்தோம்.

நீர்க் கணக்குப் படிக்க ஹட்டனைப் போல் வாய்ப்பான இடம் அதிகம் இராது என்பது என் கட்சி. டிக்கோயாவில் பெய்யும் மழை காசல்ரீயில் இறங்கி, களனியோடு கொழும்பில் கடல் சேர்கிறது. சில மைல் தள்ளிக் கொட்டகலையில் பெய்தால் கொத்மலை ஓயா வழியே மகாவலிக்குப் போய், திருகோணமலையில் கடலைக் காண்கிறது. நீரேந்துப் பகுதி என்றால் என்ன என்று படம் போட்டு விளக்க வேண்டியதில்லை. கரீபாக் கேள்வியின் அணைவரிசையும் வாசலிலேயே இருக்கிறது. 1965இல் கட்டி முடிந்த காசல்ரீயின் தண்ணீர் விமலசுரேந்திர நிலையத்தைச் சுழற்றி, நோர்ட்டனில் தேங்கி, பழைய லக்ஷபானவைச் சுழற்றி, பொல்பிட்டியவில் மறுபடியும் உழைக்கிறது. பக்கத்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் தண்ணீருக்குக் கெனியன், புதிய லக்ஷபான, பிறகு அதே பொல்பிட்டிய. இந்த மலைத்தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை வாசித்தார். பழைய லக்ஷபான ஓடத் தொடங்கியது 1950இல்.

அடிப்படைச் சமன்பாடு ஒற்றை வரிதான். இன்றைய இருப்போடு வரத்தைக் கூட்டி, திறந்துவிட்டது, ஆவியானது, வழிந்தது மூன்றையும் கழித்தால் நாளைய இருப்பு. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் பத்து லட்சம் லீட்டர் என்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் அதில் எவ்வளவு ஓயாவுக்கு வரும்? பாதியா, முக்கால்வாசியா? புத்தகத்தில் ஓர் எண் எடுத்துப் போடுவது சுலபம். நால்வரில் மஸ்கெலியாவிலிருந்து வரும் பிள்ளை அதை ஏற்கவில்லை. அவளுடைய அப்பா தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டுகிறவர். கான் தூர்ந்த மலையில் மழை விட்ட கையோடு தண்ணீர் மண்ணையும் இழுத்துக்கொண்டு ஓடிவிடும். கான் சரியாக இருந்தால் நின்று நிதானித்து இறங்கும் என்று அவர் சொன்னதைக் கேட்டு வந்து, தேயிலை நிலத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு எண் போட்டாள். போட்டியில் நடுவர்கள் தேடுவது இதைத்தான்: எந்த எண்ணை ஏன் எடுத்தாய் என்பதற்கு ஒரு நியாயம்.

மாதிரி சரியா என்று சோதிக்கவும் வழி கண்டார்கள். 1969இல் மவுஸ்ஸாக்கலை அணைக்குள் முழுகிப்போன பழைய மஸ்கெலியாவின் கோவில் கட்டடங்கள், வறட்சியில் நீர் வற்றினால் வெளியே தெரியும். எந்தெந்த ஆண்டு தெரிந்தன என்று அப்பாயிகளைக் கேட்டு எழுதி, கணக்கில் நீர்மட்டம் தாழ்ந்த ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தார்கள். சில பொருந்தின. பொருந்தாத ஆண்டுகளில்தான் எங்களுக்கு அதிக வேலை.

பிறகு பங்கீடு. மின்நிலையத் தரப்பு தண்ணீரைத் தேக்கி வைக்கப் பார்க்கும். கீழே அம்பத்தலேயில் கொழும்புக்குக் குடிநீர் எடுக்கிறார்கள். ஆறு மெலிந்தால் கடல் உப்பு ஏறி வரும், அதைத் தள்ள மேலிருந்து நீர் வேண்டும். இரண்டையும் எழுதி முடித்துப் பட்டியல் சரி என்றேன். "பீலி எங்க சேர்?" என்றாள் அதே பிள்ளை. மாசி, பங்குனியில் அவர்கள் டிவிசன் பீலியில் நூலாக ஒழுகும் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை நிற்கிறது. பெரிய கணக்கில் அது ஒரு துளிகூடத் தேறாது. அதனால்தான் யாரும் எழுதுவதில்லை. லக்ஷபான மின்சாரம் கொழும்பில் எரிந்த காலத்தில் அணைக்கு மேலே லயன்களில் குப்பி விளக்கு எரிந்ததும் இதே கணக்கினால்தான். பீலியை முதல் வரியில் எழுதச் சொன்னேன். அதைக் கொடுத்த பிறகு மிச்சத்தைப் பங்கிடட்டும். போட்டியில் பரிசு கிடைக்குமோ இல்லையோ, இந்தக் கணக்கில் அந்த வரி இருக்கும்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு இப்போது குறைவது மழைக் கணக்கு. தோட்டத்து ஆபீஸ்களில் காலையில் மழைமானியைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதுவது வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பழக்கம். அங்குலத்தில் எழுதிய பழைய புத்தகங்கள் எத்தனையோ அலுமாரிகளில் கறையானுக்காகக் காத்திருக்கின்றன. உங்களில் யாராவது ஆபீஸில் வேலை செய்தால், அல்லது கிளாக்கர் ஐயாவைத் தெரிந்திருந்தால், துரையிடம் கேட்டு அந்தப் பக்கங்களைக் கைபேசியில் படம் பிடியுங்கள். பக்கத்துப் பாடசாலையின் கணித ஆசிரியரிடம் கொடுங்கள். நவம்பருக்கு முன் கிடைத்தால் நல்லது. பிந்தினாலும் கொடுங்கள், அடுத்த அணிக்கு ஆகும்.