தாத்தா வெட்டிய மரம்

பட்டணத்தார் நாட்டுப்புறத்தை அறியாமல் தடுமாறுவதைக் கண்டு நகைப்பது நம்மவரிடையே பழைய வழக்கம். நெல் மரத்தில் காய்க்கிறது என்று எண்ணிய மருமகளின் கதை, கன்றுக்குட்டியைக் கண்டு நாய் என்று அஞ்சிய மாப்பிள்ளையின் கதை என்று ஊருக்கு ஒன்றேனும் உண்டு. மலேசியத் தமிழரிடத்தில் இவ்வகைக் கதைகளுக்குத் தனிச் சுவை ஒன்று சேர்ந்துவிடுகிறது. இங்கே பட்டணத்தாராக மாறியவர்கள் தோட்டத்தார் தாமே! பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் வளரும் பேரன் தடுமாறுவது எவருடைய நாட்டுப்புறத்தைப் பற்றியோ அன்று; தன் பாட்டனும் பாட்டியும் ஐம்பது ஆண்டுக்காலம் உழைத்த மண்ணைப் பற்றி.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ‘என் பாட்டி’ என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரையில், தன் பாட்டி பால் மரத்தில் பால் வெட்டியவர் என்று குறிப்பிட்டு, பக்கத்தில் படமும் வரைந்திருந்தான். அழகான மரம், கிளைகளெல்லாம் கடையில் விற்கும் பால் பெட்டிகள். சிலவற்றுக்குப் பழுப்பு வண்ணம் தீட்டியிருந்தான். காரணம் கேட்டேன். “அதெல்லாம் சாக்லேட் பால், ஐயா” என்றான். ஆசிரியர் அறையில் அந்தப் படம் கைக்குக் கை மாறிற்று. நகைக்காதவர் எவருமில்லை.

ஆனால், சற்றே எண்ணிப் பார்த்தால் அந்தச் சிறுவனின் அறிவில் பழுது காண முடியாது. பால் என்றால் அவன் குடிப்பது. மரம் என்றால் காய்ப்பது. இரண்டையும் இணைத்துப் பால் மரம் என்னும் சொல்லை ஆக்கியவர்கள் நாம். ஆக்கியவர்களுக்கு அந்த மரம் கண்முன் நின்றது. அவனுக்கோ சொல் மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது. வந்து சேராத பொருளை அவன் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொண்டான்.

இதைவிட ஆழமாக என்னைத் தைத்தது வேறொரு கட்டுரை. இயற்கையைப் பேணுவோம் என்பது தலைப்பு. ஆறாம் ஆண்டு மாணவி, நன்றாக எழுதக்கூடியவள். காடுகள் அழிவதால் வரும் வெள்ளம், வெப்பம் எல்லாவற்றையும் முறையாகச் சொல்லிவிட்டு, இறுதியில் இப்படி முடித்திருந்தாள்: ‘என் தாத்தா நாள்தோறும் மரம் வெட்டினார். அவர் படிக்காதவர். நாம் அப்படிச் செய்யக் கூடாது.’

தோட்டத்துத் தமிழில் மரம் வெட்டப் போகிறேன் என்றால் ரப்பர் மரத்தில் பால் எடுக்கப் போகிறேன் என்பதே பொருள். மரத்தைச் சாய்ப்பவருக்கு வேறு சொல் உண்டு. அவரைக் காடழிப்பவர் என்பார்கள். தாத்தா பேச்சோடு பேச்சாகச் சொன்னதைப் பேத்தி பாடநூல் தமிழில் கேட்டிருக்கிறாள். விளைவு, மரத்தைக் காயப்படுத்தாமல் வாழ்நாள் முழுவதும் தொழில் செய்த ஒருவர் பேத்தியின் ஏட்டில் காட்டுப் பகைவர் ஆகிவிட்டார்.

அந்த வெட்டு எத்தகைய வெட்டு என்பதை அன்று வகுப்பில் விளக்கினேன். பிரேசில் காடுகளில் முற்காலத்தில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் சில ஆண்டுகளில் நலிந்துவிடும். 1888இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக வந்த ரிட்லி என்னும் ஆங்கிலேயர், 1890களில், பட்டையை மட்டும் மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்துப் பரப்பினார். அந்த முறையைப் பழுதின்றிச் செய்தவை நம்மவரின் கைகள். ஒரு நாள் சீவும் பட்டையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. சற்று ஆழ்ந்தால் உளி உள்மரத்தில் பட்டு, ஆறாத புண்ணாகிக் கட்டி எழும்பும். மேலோட்டமாகச் சீவினாலோ பால் சுரக்காது. இதை விடியுமுன், நெற்றியில் கட்டிய விளக்கின் ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டும். வெயில் ஏறினால் மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் வடிவது தளர்ந்துவிடும். ஆகவேதான் அந்த இருட்டுப் பயணம். பிறகு மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டா கட்டையில் தோளேற்றி, நிறுவைக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலையும் விடுவதில்லை. அதற்கும் காசு உண்டு.

மங்கு, காண்டா, ஒட்டுப்பால், பெரட்டு. கரும்பலகையில் எழுதிய இச்சொற்களில் ஒன்றேனும் வகுப்பில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அறுவை மருத்துவரின் கத்திக்கு ஒப்பான கைந்நுட்பம் அது என்றேன். அந்த மாணவி ஏட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போனாள்.

மழையைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். உழவர் சமுதாயத்துக்கு அது பொருந்தும். தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்த எனக்கு மழையென்றால் முதலில் நினைவுக்கு வருவது அம்மாவின் முகம். இரவெல்லாம் பெய்து பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் இறங்காமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலியும் இல்லை. ஒலியெழுப்பும் தகரக் கூரையைப் பார்த்தபடி அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருப்பார். பள்ளியில் நாங்கள் ‘மழையே வருக’ என்று எழுதி நல்ல மதிப்பெண் பெற்றோம்! நாட்டுப்புறம் என்பது ஒன்றன்று. தஞ்சை வயலின் நாட்டுப்புறம் வேறு, சிலாங்கூர்த் தோட்டத்தின் நாட்டுப்புறம் வேறு. நம் பாடங்கள் பெரும்பாலும் முன்னதையே நாட்டுப்புறம் என்று காட்டிவந்திருக்கின்றன.

அணிலை எடுத்துக்கொள்ளுங்கள். இராமபிரான் தடவிய மூன்று கோடுகளின் கதையைக் கேட்ட குழந்தை பள்ளி வளாகத்து மாமரத்தை அண்ணாந்து பார்க்கிறாள். அங்கே ஓடும் மலேசிய அணிலுக்கு முதுகில் மூன்று கோடுகள் இல்லை; விலாப்புறத்தில் வெள்ளையும் கறுப்புமாகக் கோடு, வயிறு செம்பழுப்பு. “இராமர் இதன் முதுகைத் தடவவில்லையா, ஐயா?” என்று கேட்டாள். முதுகில் மூன்று கோடு தாங்கிய அணில் தமிழகத்திலும் இலங்கையிலும் வாழ்வது. இது வேறு இனம். அவள் கேள்வியில் நகைப்பதற்கு என்ன இருக்கிறது? கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறாள். விலங்கியல் அங்கேதான் தொடங்குகிறது.

பாட்டியிடம் வடை திருடிய காகத்தைப் பொறுத்தமட்டில் குறையில்லை. கிள்ளானில் காகத்துக்குப் பஞ்சமே கிடையாது. அது தொன்றுதொட்டு இந்நாட்டில் வாழும் பறவை என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், சாம்பல் கழுத்துடைய இந்த வீட்டுக் காகம் 1890களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தில் இங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன; காப்பிச் செடியை அரித்த புழுக்களைத் தின்பதற்காகத் துரைமார்கள் வரவழைத்தார்கள். காப்பி போயிற்று, ரப்பர் வந்தது, காகம் நிலைத்துவிட்டது. கடல் கடந்து தோட்ட வேலைக்கு அழைத்துவரப்பட்டதில் அது நமக்கு உறவு என்று சொல்லலாம். பெருகிவிட்ட அவ்வினத்தைத் துப்பாக்கியால் சுட்டுக் குறைக்கும் முயற்சிகளும் கிள்ளானில் நடந்திருக்கின்றன. இவ்வரலாற்றைச் சொன்னபோது மாணவர் அனைவரும் காகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டனர்.

பிள்ளைகளை விடுவோம், பெரியவர்களின் அறியாமைக்குக் குறைவா? சேவல் இல்லாமல் கோழி முட்டையிடாது என்று என்னிடம் உறுதியாக வாதிட்டவர் பட்டதாரி. பேட்டுக் கோழி சேவலின்றியும் முட்டையிடும். அது குஞ்சு பொரிக்காது, அவ்வளவே. இன்னொரு நண்பர் செம்பனைக் காட்டில் கம்பத்தின்மேல் மரப்பெட்டிகளைக் கண்டு, யாருக்கோ அஞ்சல் பெட்டி என்று நினைத்தாராம். அவை ஆந்தைகளுக்காக வைத்த கூடுகள். செம்பனைப் பழத்தைக் கொறிக்கும் எலிகளை ஒழிக்க நஞ்சைவிடக் கூகை நல்லது என்று கண்ட தோட்டங்கள் வீடு கட்டிக் கொடுத்து அதை வளர்க்கின்றன. கூரைமேல் அமர்ந்தால் சாவு வரும் என்று நாம் விரட்டிய பறவை அது.

தோட்டம் என்ற சொல்லே இப்போது குழம்பிக் கிடக்கிறது. சீபீல்ட் தோட்டம் இருந்த இடத்தில் 1970களிலிருந்து சுபாங் ஜெயா எழுந்தது. தமிழ்ப்பள்ளி மட்டும் இன்றும் சீபீல்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்றே பெயர் தாங்கி நிற்கிறது. பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாயிற்று. ஒரு காலத்தில் அங்கே தேர்ந்தெடுத்து உருவாக்கிய ரப்பர் வகைகள் பி.பி. என்னும் எழுத்துகளோடு இன்றும் பிறநாடுகளில் பால் தருகின்றன. இங்கே அந்த மரம் இல்லை. இப்படித் தோட்டப் பெயர் தாங்கிய பள்ளிகள் பல. அவற்றில் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, தோட்டம் எங்கே இருக்கிறது என்று ஒரு சிறுவனைக் கேட்டேன். கழிப்பறைக்குப் பின்னாலிருந்த பூச்செடிகளை மிகுந்த பணிவோடு காட்டினான்.

தோட்டம் போனபோது மக்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். மாட்டை மாடிக்கு ஏற்ற முடியுமா? விற்றவர்கள் விற்றார்கள். விற்க மனமில்லாத சிலர் கிள்ளான் பகுதியில் ஆற்றங்கரைகளிலும் உயரழுத்த மின்கோபுரங்களின் அடியிலும் இன்னும் மாடு வைத்திருக்கிறார்கள். அவை சாலையைக் கடக்கும்போது வண்டிகள் நிற்கின்றன. மாடுகள் ஊருக்குள் புகுந்துவிட்டன என்று குடியிருப்பாளர்கள் முறையிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மையாரின் மாடுகள் இருபது ஆண்டுகளாக மாலையில் ஒரே வழியில்தான் திரும்புகின்றன. வழியில் வீடமைப்புப் பகுதி வந்தது ஆறாண்டுக்கு முன்.

அந்த அம்மையாரிடம் அக்குடியிருப்பில் சிலர் பால் வாங்குகிறார்கள். அண்மையில் ஒரு வாடிக்கையாளர் காய்ச்சிய பாலைப் பாத்திரத்தோடு திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். “பால் கெட்டுப்போச்சு அம்மா, மேலே மஞ்சளா என்னமோ மிதக்குது” என்றாராம். பெட்டிப் பாலில் ஆடை படியாது. அவர் வாழ்நாளில் கண்டதில்லை போலும். அம்மையார் வாதிடவில்லை. “ரெண்டு சம்பளக்காரங்க, பாவம், எதை சார் பார்த்திருப்பாங்க” என்று என்னிடம் சொன்னார். இப்போது அவர் அந்த வீட்டுக்குரிய பாலைத் தாமே காய்ச்சி, ஆற வைத்து, ஆடையை எடுத்துவிட்டுக் கொடுக்கிறார். வாரத்துக்கு ஒரு சிறு புட்டி நெய் தம் வீட்டுக்குச் சேர்கிறதாம்.