காஞ்சியின் பெயர் அறிந்த சீனத் தலைநகரம்

‘சியான்’ என்றதும் நம்மில் பலருக்கு நடிகர் விக்ரம்தான் நினைவுக்கு வருவார். இது வேறு சியான். சீனாவின் ஷான்சி மாநிலத்தில் இருக்கும் நகரம். பதின்மூன்று அரச மரபுகள் இங்கிருந்து ஆண்டன என்பது உள்ளூர்க்காரர்கள் பெருமையோடு சொல்லும் கணக்கு. பழைய பெயர் சாங்ஆன். ‘நீடித்த அமைதி’ என்று பொருள். பட்டுப் பாதை வணிகர்களின் ஒட்டகங்கள் மேற்கு நோக்கிக் கிளம்பியது இங்கிருந்துதான்.

சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வரலாம். பெய்ஜிங்கும் ஷாங்காயும் பார்த்துவிட்டவர்கள், அடுத்த பள்ளி விடுமுறைக்கு இந்த ஊரை யோசிக்கலாம். நிதானமாகச் சுற்ற நான்கு நாள் போதும்.

மண்ணுக்குள் ஒரு படை

எல்லாரும் முதலில் ஓடுவது சுடுமண் வீரர்களைப் பார்க்கத்தான். நகரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணம். 1974 மார்ச்சில் கிணறு வெட்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் அகப்பட்ட புதையல் இது. கி.மு. 221இல் சீனாவை ஒரே நாடாக்கிய பேரரசர் சின் ஷி ஹுவாங், தம் கல்லறைக்குக் காவலாகச் செய்துவைத்த படை.

முதல் குழி மட்டும் 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். மூன்று குழிகளிலும் சேர்த்துச் சுமார் 8,000 உருவங்கள் இருக்கலாம் என்கிறார்கள். பாதிக்கு மேல் இன்னும் மண்ணுக்குள்தான். வரிசையாக நிற்பவர்களும் உடைந்த துண்டுகளாகக் கிடைத்து, பொறுமையாக ஒட்டப்பட்டவர்களே.

“மீதியை ஏன் தோண்டவில்லை?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். பதில் இதுதான். இந்த வீரர்களுக்கு ஒரு காலத்தில் சிவப்பு, பச்சை, ஊதா என்று வண்ணம் பூசியிருந்தார்கள். வெளியே எடுத்ததும் ஈரம் காய்ந்து, சில நிமிடங்களிலேயே வண்ணம் உரிந்துவிட்டது. அதனால் இப்போது அவசரப்படுவதில்லை. பேரரசரின் கல்லறையையும் இதுவரை திறக்கவில்லை.

குரங்கு அரசனின் குரு

தாங் வம்சக் காலத்தில் சாங்ஆன் உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. அந்த நகரத்தில் இன்று நிலத்துக்கு மேலே மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றிவரும் 13.7 கிலோமீட்டர் மதில்கூட 1370ஆம் ஆண்டு வாக்கில் மிங் ஆட்சியில் எழுந்ததே. இரவில் விளக்கு மின்னும் ‘தாங்’ கடைத்தெரு நம் காலத்துக் கட்டுமானம். வாடகை அரச உடையில் இளையர்கள் படம் எடுத்துக்கொள்ளும் இடம். அதுவும் ஒரு மகிழ்ச்சிதான். ஆனால் தாங் காலத்தில் எழுந்த கட்டடம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் பெரிய காட்டு வாத்துப் பகோடாவுக்குப் போக வேண்டும்.

தொலைக்காட்சியில் குரங்கு அரசன் கதை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். குரங்கு அரசன் காவலுக்குப் போகும் அந்தத் துறவி கற்பனை இல்லை. நம் வரலாற்றுப் பாடத்தில் வந்த யுவான் சுவாங்தான் அவர். அரச அனுமதி இல்லாமலே இந்தியாவுக்குக் கிளம்பி, 645இல் 657 நூல்களோடு சாங்ஆன் திரும்பினார். அந்தச் சுவடிகளைப் பாதுகாக்க 652இல் எழுப்பியதுதான் இந்தப் பகோடா. இன்று ஏழு அடுக்கு, 64 மீட்டர் உயரம்.

அவர் பயணக் குறிப்பில் நம் காஞ்சிபுரமும் இருக்கிறது. ஏறக்குறைய 640இல், பல்லவர் காலத்தில், அவர் காஞ்சிக்கு வந்தார். அங்கிருந்து இலங்கை போக நினைத்தவர், அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டு நின்றுவிட்டார். தர்மபாலர் பிறந்த ஊர் காஞ்சி என்றும் எழுதிவைத்தார். தர்மபாலர் நாளந்தாவின் தலைமை ஆசிரியர். அவருடைய மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரின் மாணவர் யுவான் சுவாங். பின்னாளில் யுவான் சுவாங் சீன மொழியில் தொகுத்த முக்கியமான தத்துவ நூல், தர்மபாலரின் உரையையே முதன்மையாகக் கொண்டது.

காஞ்சியில் பிறந்த ஒருவரின் சிந்தனை, சீனம் வழியாக ஜப்பான் வரை இன்றும் படிக்கப்படுகிறது. பகோடாவின் விளக்கப் பலகைகளில் இதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லுங்கள். பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளவும் இது நல்ல கதை.

சீரக வாசம் வீசும் தெரு

முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் ஹுய் முஸ்லிம்கள் வாழும் பகுதி இருக்கிறது. உள்ளே நுழைந்தாலே சீரகமும் மிளகாயும் மணக்கும். இங்குள்ள பெரிய பள்ளிவாசல் 742இல் தோன்றியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. குவிமாடம் கிடையாது. சீனக் கூரையும் முற்றங்களும் மரத்தூண்களும்தான்.

இந்த ஊரின் பெயர் பெற்ற சாப்பாடு ‘யாங்ரோ பாவ்மோ’. கெட்டியான ரொட்டியை நம் கையில் கொடுத்துவிடுவார்கள். பயறு அளவுக்குப் பிய்த்துப் போட வேண்டும். பிறகு சமையலறையில் ஆட்டுக்கறி சூப்பில் கொதிக்கவைத்து, ஊறுகாய்ப் பூண்டோடு தருவார்கள். பிய்க்கும் நேரம்தான் குடும்பமாகப் பேசும் நேரம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனியுங்கள். இத்தெருவில் ஆடும் மாடும் அருகருகே விற்கும். ‘யாங்ரோ’ என்றால் ஆடு, ‘நியூரோ’ என்றால் மாடு. இங்கே ரொட்டிக்குள் கறி வைக்கும் ‘ரோஜியாமோ’ பெரும்பாலும் மாட்டிறைச்சி. இத்தெருவுக்கு வெளியே பன்றி இறைச்சி. சைவர்கள் “வோ ச்சி சூ” என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அவர்களுக்குக் காடியும் மிளகாய் எண்ணெயும் சேர்த்த குளிர்ந்த ‘லியாங்பி’ இருக்கிறது. சீன இலந்தைப் பழத்தோடு அவித்த ஒட்டரிசி ‘ஸெங்காவ்’, சீமைப் பனிச்சைப் பழத்தில் செய்த பலகாரம் என்று இனிப்புக்கும் பஞ்சமில்லை. அகலமான ‘பியாங் பியாங்’ மீயைக் கறி இல்லாமலும் கேட்டு வாங்கலாம்.

போகும் முன்

ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நடுப்பகுதி நல்லது. அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை, கூட்டம் நெரியும். சுடுமண் வீரர்களுக்கு நுழைவுச்சீட்டைக் கடப்பிதழ் எண்ணோடு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கடைகளில் கைப்பேசிவழிப் பணம்தான் வழக்கம் என்பதால் அலிபே அல்லது வீசாட் செயலியை ஊரிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். முதல் நாள் சுடுமண் வீரர்களுக்கு, மறுநாள் காலை பகோடாவுக்கு, மாலை மதில்மேல் சைக்கிளுக்கு. வயிற்றில் மட்டும் தினமும் கொஞ்சம் இடம் மிச்சம் வையுங்கள்.