வாலியின் வழக்கைக் கேட்ட நீதியரசர்

நாகூரில் 1921-ஆம் ஆண்டு ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர், தம் ஓய்வு நேரத்தையெல்லாம் கம்பனின் இராமனுக்குக் கொடுத்தவர் நீதியரசர் மு.மு. இஸ்மாயில். 2005 ஜனவரியில் அவர் மறைந்தார். இராம கதையைக் காதாரக் கேட்டு வளர்ந்த நம் தலைமுறையினர், அவர் பெயரைப் பேரன் பேத்திகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும் என்ற எண்ணத்தால் இதை எழுதுகிறேன்.

நாகூர் என்றதும் தர்கா நினைவுக்கு வரும். அதன் மிக உயர்ந்த மினாரை எழுப்பியவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். கூப்பிடு தூரத்தில் நாகை சௌந்தரராஜப் பெருமாள் திவ்யதேசம். சற்று வடக்கே சென்றால் கம்பன் அவதரித்த தேரழுந்தூர். அந்த மண்ணில் பிறந்த ஒருவர் கம்பனிடம் மனத்தைப் பறிகொடுத்ததில் வியப்பு என்ன இருக்கிறது? வியப்பு நம் பார்வையில்தான் இருக்கிறது.

1967-இல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். 1979-இல் சென்னையில் தலைமை நீதிபதியானார். நெருக்கடி நிலைக் காலத்தில் சென்னை மத்திய சிறையில் காவலில் இருந்தோர் தாக்கப்பட்டதை விசாரிக்க அமைந்த ஆணையம், இன்றளவும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1980-இல் சில நாட்கள் தமிழக ஆளுநர் பொறுப்பையும் வகித்தார். ஆயினும் என் மனத்தில் நிற்பது அவர் வகித்த பதவிகள் அல்ல; அவர் விட்ட பதவி.

1981 ஜனவரியில் அவரைக் கேரள உயர் நீதிமன்றத்துக்கு மாற்றி ஆணை வந்தது. வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய என் போன்றோருக்கு மாற்றல் உத்தரவு புதிதன்று. பெட்டியைக் கட்டு, பிள்ளைகளின் பள்ளியை மாற்று, புது ஊரில் பால்காரரைத் தேடு, அவ்வளவுதான். நீதிபதியின் நிலை வேறு. அரசியல் சாசனத்தின் 222-ஆவது பிரிவு மாற்றலுக்கு இடம் தருகிறது என்றாலும், அரசுக்கு எதிரான வழக்குகளையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவரை அந்த அரசே இடம் மாற்றலாம் என்றால், அவர் கையில் உள்ள தராசு என்னாகும்? 1976-இல் பதினாறு உயர் நீதிமன்ற நீதிபதிகள் மாற்றப்பட்டதை நாடு கண்டிருந்தது. 1981-இன் மாற்றல்கள் உச்ச நீதிமன்றம் வரை போய், அவ்வாண்டு டிசம்பரில் பெரும் தீர்ப்பாயின. இஸ்மாயில் அவர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. ஓய்வு வயதுக்கு இன்னும் காலம் இருந்தும் பதவியைத் துறந்தார். அரசு ஊதியத்தில் வாழ்ந்த எவருக்கும் இதன் எடை தெரியும்.

முடி சூட வேண்டிய நாளில் காட்டுக்குப் போ என்றபோதும் முகம் வாடாதவனைப் பல்லாண்டுகள் படித்தவர் அவர். அந்தப் படிப்புக்கும் இந்தத் துறவுக்கும் தொடர்பு உண்டா என்று என்னால் நிரூபிக்க இயலாது. உண்டு என்றே நான் நம்புகிறேன்.

சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தார். காரைக்குடியில் 1939-இல் கம்பன் அடிப்பொடி சா. கணேசன் ஏற்றிய விளக்கைத் தலைநகரில் ஏற்றிய பெருமை அவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் உரியது. வாலி வதத்தை ஆராய்ந்து அவர் எழுதிய நூலின் பெயர் ‘மூன்று வினாக்கள்’. ஒரு நீதிபதி வேறு எந்தப் படலத்தைத் தேர்ந்தெடுப்பார்?

அம்பு தைத்துக் கிடக்கும் வாலி, அதைப் பற்றி இழுத்து, அதில் இராம நாமத்தைக் காண்கிறான். எதிரே வந்து நிற்கும் பெருமானையே கூண்டில் நிறுத்தி வினவுகிறான். உன் மனைவியைக் கவர்ந்தவன் ஓர் அரக்கன். அதற்குக் குரங்கின் அரசனைக் கொல்வதா? மறைந்து நின்று எய்தது எந்த அறம்? தம்பி மனைவியைக் கவர்ந்த குற்றத்தை இராமன் சொல்கிறான். விலங்குகளுக்கு அந்த நெறி இல்லை என்கிறான் வாலி. கஜேந்திரனும் ஜடாயுவும் விலங்கும் பறவையும்தாமே, அவர்கள் அறம் அறியவில்லையா என்று இராமன் திருப்பிக் கேட்கிறான். மறைந்து நின்ற வினாவுக்கு மட்டும் இராமன் வாய் திறக்கவில்லை. நீ சரண் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக மறைந்தான் என்று இலக்குவன் விடை சொல்கிறான். தன் காவிய நாயகன்மீது சாட்டப்படும் குற்றத்தைக் கவிச்சக்கரவர்த்தி ஒரு சொல்லும் குறைக்காமல் நம் முன் வைக்கிறான். பக்தி உள்ளவன் வினாவுக்கு அஞ்சுவதில்லை என்பதை நான் கற்றது இங்கேதான்.

ஸ்ரீபெரும்புதூரில் நாங்கள் முதியவர் சிலர் சனிக்கிழமை மாலைகளில் கம்ப ராமாயணம் வாசிக்கிறோம். கிட்கிந்தா காண்டம் வந்தபோது இந்நூலை நான் எடுத்துச் சென்றேன். பெரியவர் ஒருவர் முகம் சுளித்தார். “நம் பெருமாள் விஷயத்தை அவர் வந்தா சொல்ல வேண்டும்?” என்றார். அவரை நான் குறைகூறமாட்டேன். நித்தியம் சேவிக்கும் பரம பாகவதர். விடை சொன்னவர் எங்களில் மூத்தவரான ஓர் அம்மையார்.

“சுவாமி, இது உடையவர் அவதரித்த ஊர். டில்லி சுல்தானிடமிருந்து செல்வப் பிள்ளையை அழைத்து வந்தபோது, பின்னோடு வந்த சுல்தான் மகளுக்கு மேல்கோட்டையில் பெருமாளின் திருவடியிலேயே இடம் கொடுத்தார்களே. திருவரங்கத்தில் துலுக்க நாச்சியாருக்காக நம்பெருமாள் கைலி உடுத்தி ரொட்டி அமுது செய்கிறார். அந்த நாச்சியார் என்ன ஆசாரம் படித்துவிட்டா வந்தாள்?”

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வாசியுங்கள்” என்றார்.

1976-இல் சென்னைக் கம்பன் கழகம் வெளியிட்ட ஒற்றைத் தொகுதியே எங்கள் வாசிப்புப் படி. கையில் தூக்கிப் படிக்க எங்களுக்கு வலு போதாது, எழுத்தும் பொடி. ஒரகடத்தில் கார் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், காலை ஷிப்ட் முடிந்த சனிக்கிழமைகளில் சீருடையோடே வந்து உரக்கப் படித்துத் தருகிறார். வரும் மாதம் சுந்தர காண்டம் தொடங்குகிறோம்.